அடுப்படி வரை வந்த கண்ணாடி நூல்

“ஏத்தா, பொட்டியில செவப்பு லைட்டு எரியுது! என்னன்னு வந்து பாரு!”

2024-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். அடுப்பில் இட்லிக் கொப்பரை. என் தலையில் ஈரத் துண்டு. அந்த நேரம் பார்த்துத்தான் என் மாமியார் பட்டாசாலையிலிருந்து குரல் கொடுத்தார். அத்தைக்கு வயது எழுபத்து மூன்று. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. ஆனால் எங்கள் வீட்டு இன்டர்நெட் பெட்டியில் எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்பது மட்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பச்சை எரிந்தால் கோயம்புத்தூரில் இருக்கும் மகளின் முகம் தெரியும். சிவப்பு எரிந்தால் எங்கோ கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

வாசலுக்கு ஓடினேன். தெருக்கோடியில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்ட வந்த இயந்திரம் மண்ணோடு சேர்த்து ஒரு கறுப்பு வயரையும் வாரி எடுத்து, அதைப் பல்லில் மாட்டிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்த பையன், “இதுல கரண்டு இல்லக்கா, பயப்படாதீங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னான்!

ஒன்பது நாள் அந்தச் சிவப்பு விளக்கோடு குடித்தனம் நடத்தினோம். ஒன்பதாம் நாள் என் மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அதைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை. இன்டர்நெட் என்பதை முதன்முதலில் கண்ணால் பார்த்தது 2001-ல், தம்பியின் பிளஸ் டூ ரிசல்ட் அன்று. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பிரௌஸிங் சென்டர். மாட்டுத் தொழுவம் மாதிரி வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன் லைன் வழியாகத்தான் அப்போது இன்டர்நெட் வரும். ‘கொர்ர்... கீ...’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, பிறகு சும்மா இருக்கும். அந்த லைனில் யாராவது பேசினால் இன்டர்நெட் கிடையாது. இன்டர்நெட் ஓடினால் பேச முடியாது. தம்பியின் மார்க் ஒவ்வொரு பாடமாக மேலிருந்து கீழே இறங்கி வந்தது. கணக்கு மார்க் வருவதற்குள் என் அம்மா மீனாட்சிக்கு இரண்டு வேண்டுதல் வைத்துவிட்டார்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995, ஆகஸ்டு 15-ல். ‘பிராட்பேண்ட்’ என்ற பெயரில் ஒரு கொள்கையை அரசாங்கம் வகுத்தது 2004-ல். ஒரு வினாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர் அப்போது. அந்த அளவை 2023-ல் 2 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். அதாவது ஏறக்குறைய எட்டு மடங்கு. குழாயின் குறுக்களவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். விரல் மொத்தக் குழாயில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும், மணிக்கட்டு மொத்தக் குழாயில் எவ்வளவு நேரமாகும்! தண்ணீர் பிடித்துப் பிடித்து இடுப்பு ஒடிந்த நமக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2003-ல் கல்யாணமாகி, போடிநாயக்கனூர் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவர். பிராட்பேண்ட் என்ற பேச்சே இங்கே கிடையாது. பழைய செம்புக் கம்பியில் அது வரவேண்டுமானால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சில கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தூரம் போகப் போகச் செம்பில் ஓடும் சைகை தேய்ந்து கொண்டே போகும். நாங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு ரொம்ப தூரம்.

ஆனாலும் எங்கள் வீட்டில் இன்டர்நெட்டின் பலனை முதலில் அனுபவித்தது யார் தெரியுமா? என் மாமியார்தான்!

அது 2009. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கும்போது, “ஏத்தா, கண்ணு முன்னாடி கறுப்பா கொசு பறக்குற மாதிரி இருக்கு” என்றார். பக்கத்து ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையம் இருந்தது. இடுப்பில் என் மகளோடும், கையில் அத்தையோடும் பஸ் ஏறினேன். அங்கே டாக்டர் இல்லை. நம் ஊர்ப் பக்கத்துப் பெண் மாதிரி ஒருத்தி வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துத் தயார் செய்கிறார்களாம். அவள் அத்தையின் கண்ணைக் கருவியில் வைத்துப் படம் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் திரையில் தேனியிலிருந்து டாக்டரம்மா வந்து, “வணக்கம்மா, எத்தனை வருஷமா சுகர் இருக்கு?” என்று கேட்டார். அத்தை பதில் சொல்வதற்கு முன் எழுந்து நின்று கும்பிட்டார்.

சர்க்கரையினால் விழித்திரையில் ரத்தக் கசிவு. உடனே தேனிக்கு வந்து லேசர் சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். எடுத்துக்கொண்டோம். இன்றைக்கும் அத்தை தன் கண்ணால்தான் கல் பொறுக்குகிறார். (சர்க்கரை இருக்கிற வீடுகளில், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதித்து விடுங்கள். கண் மங்கிய பிறகு போனால் போனது திரும்புவது கஷ்டம்.)

அந்த இணைப்பு எப்படி வந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், 2000-க்குப் பிந்தைய அந்தப் பத்து வருஷத்தில் தேனிக்கு வந்து, மருத்துவமனையோடு சேர்ந்து செய்த வேலை அது. நம் வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகத் திணறுகிற அதே வைஃபைதான். உயரமான கம்பங்களில், ஒரே திசையைப் பார்க்கிற ஆன்டெனாக்களை எதிரெதிரே கட்டினார்கள். நடுவில் மலையோ மரமோ மறைக்கக் கூடாது. ‘நீ அனுப்பியது வந்து சேர்ந்தது’ என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும் வரை காத்திருக்கும் நேரத்தையும் நீட்டி, சாதனத்தைப் பல கிலோமீட்டர் தாண்டிப் பேச வைத்தார்கள். பள்ளம் தோண்டவில்லை, கம்பி இழுக்கவில்லை. ஜனங்கள் கண் பரிசோதனைக்கு டவுனுக்குப் போகும் பஸ் செலவு மிச்சம்.

“காத்துலயே கம்பி கட்டி என் கண்ணப் பாத்தாங்க” என்று அத்தை இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இனி 2020-க்கு வருகிறேன். அந்த வருஷத்தை நினைத்தால் நம் எல்லோருக்குமே ஒரு பெருமூச்சு வரும். மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். ஜூனுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனுக்குள் வந்துவிட்டது. மூத்தவள் பிளஸ் ஒன், கணக்கும் பௌதிகமும் எடுத்த குரூப். சின்னவன் எட்டாம் வகுப்பு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு டச் போன், அதுவும் என்னவருடையது. கடை திறந்ததும் அது அவரோடு போய்விடும். என் தோட்டை அடகு வைத்து, பழைய போன் ஒன்று ஆறாயிரத்துக்கு வாங்கினோம்.

ஒரு போன், இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் காலை பத்து மணிக்கு வகுப்பு!

அன்று நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். போனைச் சின்னவன் கையில் கொடுத்தேன். “தம்பி படிப்புல கொஞ்சம் மந்தம் தாயி. நீ கெட்டிக்காரி. ஃபிரெண்டு கிட்ட நோட்ஸ் வாங்கிப் படிச்சுக்குவ” என்று மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்கு வந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். கெட்டிக்காரப் பெண்ணாக இருப்பதில் இது ஒரு கஷ்டம். ‘அவள் சமாளித்துக் கொள்வாள்’ என்று எல்லோரும் சொல்லி விடுகிறோம்!

அதற்கு மேல் டவர் பிரச்சினை. எங்கள் ஊர் மலையின் மறைவில் இருக்கிறது. டவரிலிருந்து வரும் அலை மலையைத் துளைத்துக்கொண்டு வராது. வந்து சேருகிற கொஞ்சத்தையும் ஊரே பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். பகல் பத்து மணிக்கு ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளும் வகுப்பைத் திறந்தால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. கண்மாய்க் கரை மேட்டில் மட்டும் நன்றாகக் கிடைக்கும். பையன்கள் அங்கே வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வயசுப் பெண்ணை அங்கே அனுப்ப முடியுமா? என்னவர் கேட்டார், அத்தை கேட்டார், நானும்தான் கேட்டேன். ஆகவே டவர் கிடைக்கிற இடம் ஆண்பிள்ளைகளுக்கு, கிடைக்காத இடம் பெண்பிள்ளைகளுக்கு என்று யாரும் சட்டம் போடாமலே ஆகிவிட்டது.

சின்னவன் அந்தப் போனில் பாதி நேரம் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பிளஸ் ஒன் கணக்கில் விட்டதை மூத்தவளால் பிளஸ் டூவில் பிடிக்க முடியவில்லை. அந்த வருஷமும் செப்டம்பர் வரை பள்ளிக்கூடம் திறக்கவில்லை. 2022 மே மாதம் பரீட்சை. பாஸ் செய்தாள். ஆனால் அரசாங்க இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் இல்லை. தனியாரில் சேர்க்க எங்களிடம் பணம் இல்லை. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகம் சேர்ந்தாள். ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்றேன். அவள் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குக் கண்ணாடிக் கம்பி வந்தது. வழக்கமாக டி.வி.க்குக் கேபிள் கொடுக்கிறவர், “அக்கா, ஃபைபர் லைன் இழுத்திருக்கேன். மாசம் நானூறு சொச்சம். எத்தன பேரு பாத்தாலும் தீராது” என்றார்.

என்னவருக்குப் பிடிக்கவில்லை. “போன்லயே நெட்டு இருக்கையில தனியா எதுக்கு? அந்தக் காசுக்கு அரை மூட்டை அரிசி வாங்கலாம்.”

எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கேட்டது அத்தைதான். “ஏப்பா, காத்துல கம்பி கட்டுனதுனாலதான் எனக்குக் கண்ணு இருக்கு. இவுக நெசக் கம்பியே கொண்டாந்திருக்காக. வேணாம்ங்கிறியே!” தாயின் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? இணைப்பு வந்துவிட்டது.

எங்கள் மாதிரி ஊர்களுக்கு இது ஏன் இத்தனை தாமதமாக வருகிறது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. காரணம் கண்ணாடி அல்ல, மண்! கம்பி விலையை விட அதைப் புதைக்கப் பள்ளம் தோண்டும் செலவும் அனுமதி வாங்கும் அலைச்சலும்தான் பெரிசு. பட்டணத்தில் ஒரு தெரு தோண்டினால் இருநூறு வீடு கிடைக்கும். இங்கே நாலு கிலோமீட்டர் தோண்டினால் ஒரு தோப்பும் ஒரு சுடுகாடும்தான். எந்தக் கம்பெனி வரும்? அதனால்தான் 2002-லிருந்து தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வீதம் ஒரு நிதிக்கு எடுத்து வைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த நிதியிலிருந்து, நாட்டில் உள்ள சுமார் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழை கொண்டு போவது என்று 2011-ல் முடிவாயிற்று. 2015-ல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்காகவே 2018-ல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனம் ஏற்பட்டது. அதன் கணக்கில் 12,525 கிராம ஊராட்சிகள். 2023-ல் பாரத்நெட்டை விரிவாக்க ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மத்திய அரசு ஒதுக்கியது. நம் போன் பில்லில் நாம் கட்டுகிற காசிலிருந்தும் அந்த நிதிக்கு ஒரு துளி போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகையால் நம் ஊருக்கு லைன் கேட்பது யாசகம் இல்லை, சகோதரிகளே.

ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் வரை வருவது வேறு, தெருவுக்கு வருவது வேறு, வீட்டுக்கு வருவது வேறு. இன்ஜினீயர்கள் ‘கடைசி மைல்’ என்று சொல்வார்களாம். கடலையே தாண்டி வந்துவிடும். அந்தக் கடைசி மைலில்தான் வேலை இழுக்கும். எங்கள் வீட்டில் அந்தக் கடைசி மைல், பட்டாசாலைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்தது!

பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டதும் என்னவர் டி.வி. பக்கத்தில் கையைக் காட்டினார். ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். எங்களுடையது பழைய வீடு. ஒன்றரை அடி மொத்தத்துக்குக் கல்லும் காரையும். நடுவில் ஒரு இரும்பு பீரோ. மூத்தவள் படிப்பது அடுப்படியை ஒட்டிய பின்னறையில். அங்கே போனில் கோடுகள் ஒன்றாகக் குறைந்து, பிறகு அதுவும் காணாமல் போய்விடும். பட்டாசாலையில் உட்கார்ந்து படிக்கலாம் என்றால் டி.வி. சத்தம், வருகிறவர் போகிறவர், சின்னவன், அவன் கூட்டாளிகள். ஆக, கடல் தாண்டி வந்த இன்டர்நெட் என் மகள் இருக்கும் அறைக்கு வரவில்லை. ஆறு மாதம் அப்படியே போயிற்று. மாதம் தவறாமல் பணம் கட்டினோம். அவள் பழையபடி சிநேகிதி வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கணக்கு என் கண்ணில் பட்டது. 2019-லிருந்து 2021 வரை அரசாங்கம் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், ‘நீங்கள் எப்போதாவது இன்டர்நெட் உபயோகித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ஆண்களில் 100-க்கு 57 பேர் ‘ஆமாம்’ என்றார்களாம். பெண்களில் 33 பேர். கிராமத்தில் மட்டும் பார்த்தால் ஆண்களில் 49, பெண்களில் 25. ஒரே ஊர், ஒரே டவர், ஒரே வீடு, ஆனால் பாதிதான்! கம்பி வராததால் ஏற்பட்ட வித்தியாசமா இது? நான்தானே போனைச் சின்னவன் கையில் கொடுத்தேன்!

மறுநாள் என்னவர் கடைக்குப் போனதும் கேபிள்காரருக்குப் போன் செய்தேன். “தம்பி, அந்தப் பெட்டியக் கழட்டி, பட்டாசாலைக்கும் அடுப்படிக்கும் நடுவுல இருக்கிற நடையில மாட்டணும்.” “சார்கிட்ட கேக்கணுமேக்கா” என்றார். “சார் சரின்னுட்டாரு” என்றேன். (அவர் சரி என்னவில்லை.) அஞ்சறைப் பெட்டிக் காசில் முந்நூறு ரூபாய் கொடுத்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவரைக் கேட்காமல் நான் செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் என்னவர் வந்தார். டி.வி.யில் படம் நின்று நின்று வந்தது. “என்ன இது, சுத்திக்கிட்டே இருக்கு?” நான் தோசை வார்த்துக்கொண்டே, “பெட்டிய நடைக்கு மாத்திட்டேங்க. பாப்பா படிக்கிற ரூமுக்கு வரல” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அந்த பீரோவையும் நகத்தி வச்சா ரெண்டு பக்கமும் வரும்ல?” என்றார். இரண்டு பேருமாக நகர்த்தினோம். அடியிலிருந்து தொலைந்து போன கொலுசு ஒன்று கிடைத்தது!

நீங்களும் வீட்டில் வைக்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயம் சொல்கிறேன். பெட்டியை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மாட்டச் சொல்லுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி இவற்றின் பின்னால் வேண்டாம். மஞ்சள் நிறத்தில் மெல்லிசாக வருகிற வயரைச் சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். செம்பு மடங்கினால் மடங்கும். இது கண்ணாடி, மடங்கினால் உள்ளே ஓடுகிற வெளிச்சம் வெளியே போய்விடும். அறுந்த நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. இன்னொன்று, கண்ணாடி இழையில் மின்சாரம் வராது என்பதால் கரண்ட் போனால் பெட்டியும் படுத்துவிடும். பழைய டெலிபோன் அப்படியில்லை, கரண்ட் போனாலும் பேசும்!

இப்போது அந்த ஒன்பதாம் நாளுக்கு வருகிறேன்.

பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பையன் குடையை நட்டு, ஸ்டூல் போட்டு, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கருவியுடன் உட்கார்ந்தான். நானும் மூத்தவளும் காபி கொண்டு போய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றோம். அறுந்த வயரின் கறுப்புத் தோலை உரித்தான். உள்ளே வளையல் கடை மாதிரி நீலம், ஆரஞ்சு, பச்சை என்று வண்ண வண்ண இழைகள். ஒன்றை எடுத்து அதன் வண்ணத்தையும் உரித்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். மிஞ்சியது ஒரு தலைமுடி. கருவிக்குள் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தான். சின்னத் திரையில் அவை இரண்டு தூண்கள் மாதிரி தெரிந்தன. தானாகவே நகர்ந்து நேருக்கு நேர் வந்து நின்று, ‘சுரீர்’ என்று ஒரு பொறி. இரண்டும் உருகி ஒன்றாகிவிட்டன. பார்த்தால் ஒட்டிய இடமே தெரியவில்லை. வெட்டின துணுக்குகளை ஒவ்வொன்றாக டேப்பில் ஒட்டி எடுத்தான். “கால்ல ஏறுனா கண்ணுக்கே தெரியாதுக்கா, எடுக்க முடியாது.”

மூத்தவள் எனக்கு விளக்கினாள். அந்த முடியின் மொத்தம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதானாம். அதிலும் வெளிச்சம் ஓடுவது நடுவில் உள்ள தண்டில் மட்டும். அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சுற்றியுள்ள கண்ணாடி வேறு ஜாதி. அதனால் வெளிச்சம் வெளியே போகாமல் உள்ளேயே தெறித்துத் தெறித்து வருமாம், வினாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில். சார்லஸ் காவ் என்பவர், ஷாங்காயில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்தவர், 1966-ல் இந்த யோசனையைச் சொன்னார். அப்போதிருந்த கண்ணாடியில் வெளிச்சம் கொஞ்ச தூரம் போவதற்குள் மங்கிவிடும். கண்ணாடியின் குற்றம் இல்லை, அதிலுள்ள அழுக்கின் குற்றம், அழுக்கை எடுத்தால் கிலோமீட்டர் கணக்கில் போகும் என்றார். அப்படிப்பட்ட சுத்தமான இழையை 1970-ல் அமெரிக்காவில் செய்தும் காட்டினார்கள். காவுக்கு நோபல் பரிசு கொடுத்தது 2009-ல்தான். நம் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, அதற்கும் முன்னால் 1950-களிலேயே கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டியவர்.

“அப்ப சாட்டிலைட்டுலருந்து வரலியா நமக்கு?” என்று கேட்டேன். சிரித்தாள். “இல்லம்மா. முக்கால்வாசிக்கு மேல கடலுக்கு அடியிலதான் வருது. மெட்ராஸ்லருந்து சிங்கப்பூருக்குக் கம்பி போகுது. அந்தமானுக்கு 2020-ல போட்டாங்க, ரெண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.”

“இதெல்லாம் யாரு தாயி உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

“ஐ.ஐ.டி. வாத்தியாருங்க பாடம் நடத்துன வீடியோ எல்லாம் சும்மாவே கெடைக்குதும்மா, என்.பி.டி.இ.எல்.லுன்னு. நம்ம நடையில உக்காந்துதான் பாத்தேன்.”

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பொறி பறக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கோபமே இல்லாமல், கடைக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொல்கிற மாதிரி, “இது பிளஸ் ஒன்னுல கெடச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்மா. அன்னிக்குப் போன அவன்கிட்ட நீ குடுத்தப்ப எனக்கு ரொம்ப அழுகையா வந்துச்சு. அதான் வெங்காயம் உரிக்க வந்தேன்” என்றாள்.

நான் என்ன பதில் சொல்ல? மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “தப்புத்தான் தாயி” என்று எப்படியோ சொல்லிவிட்டேன். பெற்ற பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொல்வது இத்தனை சிரமம் என்று எனக்குத் தெரியாது. அவள் என் கையிலிருந்த காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, “விடும்மா, அந்தண்ணன் கூப்பிடுறாரு” என்றாள். அந்தப் பையன், “லைட்டு மாறிருச்சான்னு பாத்துச் சொல்லுங்கக்கா!” என்று கத்திக்கொண்டிருந்தான். நான் போவதற்குள் அத்தை வாசலுக்கே வந்துவிட்டார். “பச்ச! பச்ச!”

2025-ல் பி.எஸ்ஸி. முடித்துவிட்டாள். இப்போது எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுடைய பழைய பேராசிரியை ஒருவர் நாலைந்து பெண்களைச் சேர்த்து ராத்திரி எட்டரைக்குக் கம்ப்யூட்டரில் கணக்குச் சொல்லித் தருகிறார், பணம் வாங்குவதில்லை. பிளஸ் ஒன்னில் விட்ட கணக்கிலிருந்தே ஆரம்பித்திருக்கிறார்களாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்குக் கீரை ஆய்வேன். ஒன்றும் புரியாது. இருந்தாலும் எழுந்து போக மனசு வருவதில்லை.

அந்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் சீரியல் கிடையாது. அத்தைக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.